ஐஸ்லாந்தில் திமிங்கிலம் பார்க்க: ரெய்க்யவிக்கா, ஹூசாவிக்கா, எந்தப் படகு?

நீங்கள் கேட்டது இது: ஜூலை முதல் பாதியில் ஒன்பது நாள் காரில் ஐஸ்லாந்தைச் சுற்றி வருகிறீர்கள். உடன் 68 வயது அம்மாவும் ஏழு வயது மகனும். திமிங்கிலப் படகை ரெய்க்யவிக்கிலேயே முடித்துக்கொள்ளலாமா, வடக்கே ஹூசாவிக் போய்த்தான் ஏற வேண்டுமா? காற்றடைத்த ரப்பர் வேகப்படகு பரவாயில்லையா? குமட்டலுக்கு என்ன செய்வது?

ஹூசாவிக்கில் ஏறுங்கள், பழைய ஓக் மரப்படகில் ஏறுங்கள். அந்த ஊருக்குப் போய்ச் சேரும் முதல் நாளுக்கே பதிவு செய்துவிட்டு, மறுநாள் காலையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். என் பதிலில் மிக முக்கியமானது இந்தக் காலி வைப்புதான். எந்தத் துறைமுகத்தில் எத்தனை இனம் தெரியும் என்று பட்டியல் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். அன்றைக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும்: படகு கிளம்புமா, அம்மா மூன்று மணி நேரம் தாக்குப்பிடிப்பாரா, திமிங்கிலத்தின் மூச்சு கண்ணுக்குத் தெரியுமா என்பது வரை.

ஐஸ்லாந்து வானிலைத் துறை காற்றை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். 5 மீட்டர் வரை இருந்தால் நல்ல நாள். 6, 7 ஆகும்போது அலை முகடுகள் வெண்மையாக உடையத் தொடங்கும். சிறிய வகையான மிங்கித் திமிங்கிலத்தையும், டால்ஃபினுக்கு உறவான சின்னஞ்சிறு போர்பாய்ஸையும் அந்த வெண்மைக்கு நடுவே பிரித்தறிவது கடினம். 10-ஐத் தாண்டினால் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மூச்சைக்கூடக் காற்று உடனே கலைத்துவிடும். 15 பக்கம் போனால் பொதுவாகப் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள். வேகத்தோடு திசையையும் பாருங்கள். ஹூசாவிக் இருக்கும் ஸ்கியால்ஃபாண்டி விரிகுடாவின் வாய் வடக்கு நோக்கித் திறந்திருக்கிறது. வாடைக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்திருந்தால், இன்று காற்று நின்றிருந்தாலும் நீண்ட அலை உள்ளே உருண்டுகொண்டே இருக்கும். தெற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வரும் காற்று அதே வேகத்தில் அடித்தாலும் கரையோரக் கடல் அடங்கியிருக்கும். ரெய்க்யவிக்குக்கு முன்னால் விரியும் ஃபாக்ஸாஃப்ளோய் விரிகுடாவின் வாய் மேற்கு நோக்கியது. அங்கே மேற்கு, தென்மேற்குக் காற்றுகள்தான் தொல்லை. ஆகவே முன்னறிவிப்பைப் பார்க்கும்போது நாளைய காற்றோடு நேற்றைய காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ரெய்க்யவிக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. பழைய துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. படகுகள் பெரியவை, உள்ளே சூடேற்றிய கூடமும் கழிப்பறையும் உண்டு. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதுவே வசதி. மிங்கியும் வெள்ளைமூக்கு டால்ஃபினும் கூன்முதுகும் அங்கேயும் வருகின்றன. ஆனால் அந்த விரிகுடா மிக அகலமானது; கிடைத்த மூன்று மணி நேரத்தில் கணிசமான பகுதி போய்வருவதிலேயே கழிந்துவிடலாம். ஓத வேறுபாடு பெரிய நாட்களில் அங்கே ஏறக்குறைய 4 மீட்டர். நீர் வற்றிய நேரத்தில் மிதவைத் துறைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும் என்பதால், அம்மாவுக்காக ஓத அட்டவணையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஹூசாவிக்கில் 1995-லிருந்து இந்தத் தொழில் முறையாக நடக்கிறது. முதலில் ஏறியதே பழுதுபார்த்த ஓக் மீன்பிடிப் படகில்தான். இன்றும் அந்த வகைப் படகுகளே துறைமுகத்தின் முகம். விரிகுடாவுக்குள் ஸ்கியால்ஃபாண்டஃப்லியோத், லாக்ஸா என்ற இரண்டு ஆறுகள் கலக்கின்றன. ஆற்று நீர் கொண்டுவரும் சத்தும், கோடையில் ஏறக்குறைய நாள் முழுதும் மறையாத வெளிச்சமும் சேர்ந்து மிதவை உயிரிகளைப் பெருக்குகின்றன. அவற்றைத் தின்னக் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்களும் சிறுமீன்களும் வருகின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கிலம் வருகிறது. குளிர்காலத்தில் கரீபியன் கடலிலும் கேப் வெர்டே பக்கமும் ஈன்று இணைசேர்ந்துவிட்டு வரும் கூன்முதுகுகளுக்கு இது சாப்பாட்டுக் காலம். அங்கே ஏறக்குறையப் பட்டினியாக இருந்த உடம்பை இங்கேதான் தேற்றிக்கொள்கின்றன. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை சில ஆண்டுகளில் நீலத் திமிங்கிலமும் தலைகாட்டுவதுண்டு. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீலத்தைப் பார்ப்பதுதான் ஒரே ஆசை என்றால் இலங்கையின் மிரிஸ்ஸவில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, வாய்ப்பு இதைவிட அதிகம்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அக்கூரேரி நகரம் இருக்கும் எயாஃபியோர்துர் ஏறக்குறைய 60 கி.மீ. நீளமான ஒடுங்கிய கடல்கழி, இருபுறமும் மலை. ஹோய்கனெஸ், டால்விக் ஆகிய சிற்றூர்களிலிருந்தும் படகு கிளம்புகிறது. ஸ்கியால்ஃபாண்டியில் வாடை அலை உருளும் நாளில் இதன் உட்பகுதி அடங்கியிருக்கும். இங்கேயும் கோடையில் முக்கியமாகத் தெரிவது கூன்முதுகுதான். ஹூசாவிக் பயணம் ரத்தானால் உங்கள் மாற்று ஏற்பாடு இதுவாக இருக்கட்டும். ஒருவேளை உங்களுக்கு வேண்டியது ஓர்க்கா (கொலைகாரத் திமிங்கிலம்) என்றால் இந்த மாதமே சரியில்லை. பிப்ரவரி, மார்ச்சில் ஸ்நைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்துக்கோ, நவம்பர் முதல் ஜனவரி வரை ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்தி அவை வரும் நோர்வேயின் ஷெர்வாய் பக்கமோ போக வேண்டும்.

படகுக்கு வருகிறேன். ரப்பர் வேகப்படகு உங்களுக்கு வேண்டாம். அதில் குதிரைச் சேணம்போல ஒரு இருக்கையில் கால் பரப்பி உட்கார்ந்து, ஒவ்வொரு அலையும் முதுகுத்தண்டில் இறங்குவதைத் தாங்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்றமாட்டார்கள். சிறுவர்களுக்குப் பொதுவாக 8 அல்லது 10 வயது என்று வரம்பு இருக்கும். உங்கள் மகனுக்கு எப்படியும் இடமில்லை. கழிப்பறை கிடையாது. கட்டணமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் பலம் வேகம்: விரிகுடாவின் மறுகரையில் திமிங்கிலம் இருக்கிறது என்று தகவல் வந்தால் சீக்கிரம் போய்ச் சேரும். கண்மட்டம் தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் பக்கத்தில் எழும் முதுகு மலைபோலத் தெரியும். ஆனால் அதே காரணத்தால் தூரத்து மூச்சு தெரியாது.

ஓக் படகு மெதுவாகப் போகும். தளம் உயரத்தில் இருப்பதால் சுற்றிலும் பார்வை எட்டும். எழுந்து நடக்கலாம், பக்கம் மாறலாம். கழிப்பறை கீழே இருக்கும். இறங்கும் படி செங்குத்தானது என்பதால் அம்மா துறைமுகத்திலேயே போய்விட்டு ஏறுவது நல்லது. இன்னொரு தேர்வும் உண்டு. ஓபல் என்ற பாய்மரக் கப்பலை 2015-ல் மின்கலத்தில் ஓடும்படி மாற்றினார்கள். பாய் விரித்து ஓடும்போது தண்ணீர் சுழற்றும் அதே உந்துவிசிறி மின்கலத்தை ஏற்றிக்கொள்கிறது. எஞ்சின் சத்தம் இல்லாதபோது திமிங்கிலம் மூச்சு விடுவது நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் காதில் விழும். மின்கலப் பயணம் எந்த நேரத்தில் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். எல்லாப் படகும் அப்படி இல்லை.

குளிர் பற்றி ஒரு பத்தி போதும். ஜூலையிலும் கடல்நீர் 10 டிகிரி பக்கம்தான் இருக்கும். அதன்மேல் வீசும் காற்றில் மூன்று மணி நேரம் நிற்கிறீர்கள். உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே ஃப்ளீஸ், அதன்மேல் படகுக்காரர்கள் தரும் கனத்த முழு அங்கி. இந்த அங்கி குழந்தைகள் அளவிலும் இருக்கிறது. ஜீன்ஸும் பருத்திக் காலுறையும் வேண்டாம், ஈரமானால் காயாது. முதலில் விறைப்பது கால்விரலும் கைவிரலும்தான். கம்பளிக் காலுறை இரண்டு சோடி போட்டால் ஷூ இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும்.

குமட்டல் வந்தபின் மாத்திரை போட்டுப் பயனில்லை. அப்போது வயிறு எதையும் உறிஞ்சாது. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னரிசின் 25 மி.கி. என்றால் படகு கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன், ஆவோமின் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன். இவை இரண்டும் தூக்கம் வரவழைப்பவை. கார் ஓட்டப்போகிறவர் முதல்முறையாக அன்றைக்கே சோதித்துப் பார்க்கக் கூடாது. அம்மாவுக்குக் கண் அழுத்த நோயோ பார்க்கின்சனோ இருந்தாலும், வேறு தினசரி மருந்துகள் இருந்தாலும் கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பையனுக்கான அளவையும் அவரே சொல்லட்டும். வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு, வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறுவதும் தவறு. ஒரு மணி நேரத்துக்கு முன் ரொட்டி, வாழைப்பழம் மாதிரி ஏதாவது லேசாக.

ஏறியபின் எங்கே நிற்கிறோம் என்பதும் மருந்துதான். படகு ஏறி இறங்கும்போது அணியம் (முன்முனை) அதிகம் ஆடும். நடுப்பகுதியும் அதற்குச் சற்றுப் பின்னும் குறைவாக ஆடும். எல்லோரும் படமெடுக்க முன்னால் ஓடுவார்கள். அம்மாவை நடுவில் கைப்பிடி உள்ள இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் புகை வரும் பின்புறம் வேண்டாம். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். குளிருக்குப் பயந்து கீழ் அறைக்குள் போவதும், குனிந்து போனில் படத்தைச் சரிபார்ப்பதும்தான் பலரைக் கவிழ்க்கும் இரண்டு செயல்கள். அப்படியும் வாந்தி வந்துவிட்டால், காற்று முதுகில் படும் பக்கத்துக் கைப்பிடிக்குப் போங்கள். எதிர்ப்பக்கம் போனால் எல்லாம் உங்கள் மேலேயே திரும்பி வரும்.

இனிப் பார்ப்பது எப்படி என்பது. வழிகாட்டி கடிகாரத்தை வைத்துத் திசை சொல்வார்: அணியம் 12 மணி, வலப்பக்கம் 3, பின்னால் 6, இடப்பக்கம் 9. பையனுக்கு இதை முந்தின இரவே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்; “இரண்டு மணி!” என்றதும் யோசிக்காமல் திரும்புவான். முதுகைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே, ஒரே புள்ளியை முறைக்காமல் கண்ணை மெல்ல ஓட்டுங்கள். கூன்முதுகின் மூச்சு சுமார் 3 மீட்டர் உயரத்துக்குப் புதர்போலக் கிளம்பிச் சில நொடிகள் நிற்கும். வெயில் எதிரே இருந்தால் வெள்ளையாக மின்னும்; அதனாலேயே மாலை எட்டு மணிப் படகு ஜூலையில் மிக நல்ல படகு. நீலத்தின் மூச்சு ஒன்பது மீட்டருக்கு மேல் ஒரே தூணாக எழும். மிங்கியின் மூச்சு பெரும்பாலும் தெரியவே தெரியாது. பறவைக் கூட்டம் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே மீன் மேலே வந்திருக்கிறது. கண்ணை அங்கேயே வையுங்கள்.

கூன்முதுகு மேலே வந்தபின் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டவர் பதற மாட்டார். முதல் மூச்சு. முதுகு தாழ்வாகச் சறுக்கிப் போகும், சின்ன முதுகுத் துடுப்பு தெரியும், மறையும். பதினைந்து, இருபது நொடியில் அடுத்த மூச்சு. இப்படி நாலைந்து முறை. கடைசியில் முதுகு முன்பைவிட உயரமாக வளையும். அந்த வளைவிலிருந்துதான் அதற்குக் கூன் என்ற பெயர். வளைவு தெரிந்த இரண்டு மூன்று நொடியில் வால் தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பி, அடிப்புறம் காட்டி, சத்தமில்லாமல் இறங்கும். அது போன இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு வழவழப்பான வட்டம் சிறிது நேரம் நிற்கும். வால் கீழிருந்து தள்ளிய தண்ணீர் மேலே வந்து சிற்றலைகளை அழுத்துவதால் வருவது. பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் வரை ஒன்றுமே இருக்காது. புதிதாக வந்தவர்கள் இந்த இடைவெளியில்தான் சலித்துக் கீழே கோகோ குடிக்கப் போவார்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள்; முதல் முழுக்கு ஏழு நிமிடம் என்றால் அடுத்ததும் ஏறக்குறைய அதே அளவுதான்.

மிங்கி 7, 8 மீட்டர், வளைந்த துடுப்பு மூச்சோடு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தெரியும், வாலைத் தூக்காது. இரண்டு மூன்று முறை எழுந்துவிட்டு எங்கோ போய் எழும். வெள்ளைமூக்கு டால்ஃபின் வடக்கு அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரை விட்டு வேறெங்கும் வாழாதது. தாமாகவே படகின் அணியத்துக்கு வந்து கூடவே நீந்தும். அப்போது மட்டும் முன்னால் போய் நேராகக் கீழே பாருங்கள். ஹார்பர் போர்பாய்ஸ் ஒன்றரை மீட்டர்தான். சிறு முக்கோணத் துடுப்பு உருண்டு மறையும், அவ்வளவே. ஆகஸ்ட் நடுவுக்குமுன் போவதால் பஃபின் பறவைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். அவை கூடு கட்டும் லுண்டே தீவைச் சுற்றிவரும் பயணமா என்று பதிவின்போது கேளுங்கள்.

கேமரா இருந்தால் ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல், தொடர் குவியம், தொடர் எடுப்பு. 70–300 லென்ஸ் தாராளம். முதுகு உயரமாக வளையும்போதே பொத்தானை அழுத்தத் தொடங்குங்கள், வால் தெரிந்தபின் அழுத்தினால் தண்ணீர்தான் கிடைக்கும். போன் என்றால் ஜூம் செய்யாமல் அகலமாக வீடியோ எடுங்கள். லென்ஸில் பட்ட உப்புத்துளியைச் சட்டையால் துடைத்தால் கீறும்; நன்னீரில் நனைத்த துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

படகோட்டி எப்படி நெருங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். நல்லவர் தூரத்திலேயே வேகம் குறைத்து, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து, திமிங்கிலம் போகும் திசைக்கு இணையாக வருவார். கிட்டத்தில் கியரை விலக்கிவிட்டு நிற்பார். நேர் எதிரே போய் வழி மறிப்பதும், முழுகிய இடத்தின்மேல் ஏறிப் போவதும் தவறு. ஐஸ்வேல் என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு இதற்கு ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது; பதிவு செய்யும் நிறுவனம் அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். இது வெறும் மரியாதை விஷயமல்ல. ஃபாக்ஸாஃப்ளோயில் மிங்கிகளைக் கவனித்து 2013-ல் வெளியான ஆய்வு, படகு அருகில் இருக்கும்போது அவற்றின் மூச்சுகளுக்கு நடுவிலான இடைவெளி குறைந்து, இரை தேடுவது தடைபடுவதைக் காட்டியது. கோடை முழுவதும் கொழுப்பைச் சேர்த்தால்தான் குளிர்காலப் பட்டினியைத் தாங்க முடியும் என்ற உயிருக்கு அது பெரிய இழப்பு. ஆகவே “இன்னும் கிட்டப் போங்கள்” என்று படகோட்டியை நெருக்காதீர்கள். அவர் விலகினால் நன்றி சொல்லுங்கள். ரெய்க்யவிக் உணவகங்களின் பட்டியலில் மிங்கி இறைச்சி தென்பட்டால், காலையில் பார்த்ததை இரவில் தட்டில் கேட்காதீர்கள். சுற்றுலாப் பயணிகள் ருசி பார்க்கக் கேட்பதும் அந்தச் சந்தையைத் தாங்கி வந்திருக்கிறது.

மற்ற ஏற்பாடுகள். ரெய்க்யவிக்கிலிருந்து ஹூசாவிக் சுமார் 460 கி.மீ.; ஒரே நாளில் ஓட்டிவிட்டு அன்றே படகேறினால் குமட்டல் நிச்சயம். முந்தின இரவு அக்கூரேரியில் தங்குங்கள். அங்கிருந்து ஹூசாவிக் சுமார் 75 கி.மீ. வழியில் 7.4 கி.மீ. நீள வாட்லாஹெய்டி சுரங்கப்பாதை வரும். அதில் சுங்கச்சாவடி கிடையாது. கார் எண்ணைக் கொடுத்து இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வாடகைக் கார் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். படகு கிளம்பும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே துறைமுகத்தில் இருங்கள்.

காற்றால் ரத்தானால் பணம் திரும்பும் அல்லது வேறு நாள் தருவார்கள். கிளம்பிப் போய் ஒன்றும் தெரியாவிட்டால் பணம் திரும்பாது. பெரும்பாலும் மறுபயணச் சீட்டு தருவார்கள். மறுநாள் காலையைக் காலியாக வைக்கச் சொன்னது இதற்கும்தான். முதல் நாளே நன்றாகப் பார்த்துவிட்டால் அந்தக் காலை வீணாகாது. ஹூசாவிக் திமிங்கில அருங்காட்சியகத்தில் 2010-ல் கரை ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது. பையன் அதன் தாடையருகே நிற்கட்டும். மீவாட்ன் ஏரியும் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

எடுத்த வால் படங்களில் அடிப்புறம் தெளிவாக இருப்பதை அழிக்காமல் வையுங்கள். கறுப்பு வெள்ளைத் திட்டுகளும் விளிம்பின் வெட்டுகளும் ஒவ்வொரு கூன்முதுகுக்கும் தனி. நாள், நேரம், இடம் குறித்து ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றினால், உலகெங்கும் பதிவான படங்களோடு ஒப்பிட்டு அது இதுவரை எங்கெங்கே தெரிந்தது என்று சொல்வார்கள். சாய்ந்த கோணத்தில் எடுத்ததோ சற்று மங்கியதோ ஆனாலும் ஏற்றுங்கள். கேமராவின் கடிகாரம் ஐஸ்லாந்து நேரத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் படகேறுமுன் சரிபார்த்துவிடுங்கள்.